வீட்டு முற்றமும் மழைநீரும்

வெளி மாநிலங்களில் பல்லாண்டுகள் உழைத்துப் பொருள் சேர்ப்போர், பிறந்த ஊரில் ஒரு வீடு கட்ட விழைவது இயல்பு. அவ்வாறு கட்டுவோர் பலர், வீடு முடிந்ததும் முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகின்றனர். காரணம் கேட்டால், "பூட்டிக் கிடக்கப்போகும் வீடு, பெருக்கவும் களை பிடுங்கவும் ஆள் ஏது?" என்பர். இக்கேள்வி நியாயமானதே. ஆயினும், அதற்கு விடை சிமெண்டு அன்று என்பதே இன்று நாம் கூற விரும்புவது.

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பது பாலசமுத்திரம். உள்நாட்டில் 'சமுத்திரம்' என முடியும் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் ஏரியைச் சுட்டுவன. வற்றாத பேராறு இல்லாத அந்தப் பகுதியில், பெய்யும் மழையைத் தேக்கியே நம் முன்னோர் வாழ்ந்தனர். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் சேர்ந்து சித்தூர்ப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி முற்றத்தின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் சுமார் 930 லிட்டர். அவ்வாறாயின் ஆண்டு முழுவதும் அம்முற்றத்தின்மேல் விழுவது 80,000 லிட்டருக்கும் மேல்! சிமெண்டுத் தளம் இந்நீரை மண்ணுக்குள் விடாமல் தெருவுக்குத் தள்ளுகிறது. கோடையிலோ நாம் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கிறோம்.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரின் தெருக்கள் ஆறுகளாயின. வீட்டு முற்றங்கள் மட்டும் அத்தகைய வெள்ளத்தைத் தடுத்துவிடா. எனினும், சாதாரண மழையையாவது ஒவ்வொரு வீடும் தன் மண்ணிலே தாங்கிக்கொள்ளுமாயின், வடிகாலின் சுமை குறையும், கிணறும் ஊறும்.

சிமெண்டு வேண்டா என்போர் சிலர் புல்தரை அமைக்கின்றனர். குளிர்நாட்டு மாளிகைகளுக்கு ஏற்ற அது, நம் வெயிலில் ஓயாது நீர் கேட்கும். வேறு சிலர் அழகுக்கென்று அயல்நாட்டுச் செடிகளை நாடுகின்றனர். இதில் எச்சரிக்கை தேவை. தோட்ட அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று நாட்டின் காடுகளிலெல்லாம் பரவிக் கிடக்கிறது. விரைவில் வளர்ந்து பசுமை தருமென்று வீதிதோறும் நடப்பட்ட கோனோகார்ப்பஸ் மரத்தைக் குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. அகமதாபாத்திலும் சூரத்திலும் வாழும் நேயர்கள் இதனை அறிந்திருப்பர்.

அப்படியாயின் பூட்டிய வீட்டின் முற்றத்தில் செய்யத் தக்கது யாது?

முதலாவதாக, வாயிலிலிருந்து தெருவரை நடைபாதைக்கு மட்டும் கல் பரப்புக. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மணல் இருக்கட்டும். இரண்டாவதாக, கூரைநீர் விழும் குழாயைச் சுவரடியினின்று சற்றுத் தள்ளி வெட்டிய குழியில் சேர்த்து, அடியில் கூழாங்கல்லும் மேலே மணலும் இட்டு மூடுக. மூன்றாவதாக, வேம்பும் புங்கமும் வைக்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, இரண்டு மூன்று கோடை மட்டும் அண்டை வீட்டாரைக் கொண்டு நீர் வார்த்தால், பின்னர் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் தகும். பின்னதை ஆடு தொடாது என்பதைப் பெயரே சொல்கிறது. நான்காவதாக, உதிர்ந்த இலைகளை எரிக்காமல் மரத்தடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புக. அம்மூடாக்கு வெயிலைத் தடுக்கும், களையை அடக்கும், மட்கி உரமுமாகும். களை பிடுங்க ஆளில்லையே என்ற குறைக்கும் அதுவே மருந்து.

இவை விருப்பத்தைப் பொறுத்தவை மட்டும் அல்ல. ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டம் மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றியும் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்கள் யாவற்றுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது.

மும்பையிலோ பெங்களூரிலோ அடுக்குமாடியில் வாழும் நேயர்களுக்குத் தனி முற்றம் இல்லாதிருக்கலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பொதுத்தோட்டத்தைப் பற்றிய பேச்சு எழும்போது இவற்றை எடுத்துரைக்கலாம் அன்றோ? ஊரில் வீடு கட்டுவோர், கொத்தனாரிடம் தொலைபேசியில் பேசும்போது, "முற்றத்தை மண்ணாகவே விடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிமெண்டுச் செலவும் மிச்சம். நாளை ஊர் திரும்பும்போது கிணற்றில் நீரும், வாயிலில் நிழலும் இருக்கும்.