தலையெழுத்தும் கையெழுத்தும்

(ஆர்.கே.பேட்டைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பிள்ளைகளுக்குப் பத்திரிகை எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். 1940-களின் துவக்கத்தில் திருவாரூரில் மு.கருணாநிதி என்ற பள்ளி மாணவர் "மாணவ நேசன்" என்னும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1942-ல், 18 வயதில், "முரசொலி"யைத் துண்டு வெளியீடாகத் தொடங்கினார். பணம் சேரட்டும், பிறகு எழுதலாமென்று அவர் காத்திருக்கவில்லை.

டில்லியில் தெருவில் வாழும் பிள்ளைகளும் வேலை செய்யும் பிள்ளைகளும் சேர்ந்து 2003-ல் "பாலக்நாமா" என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லும். தெரிந்த பிள்ளை எழுதும்.

தறிச்சத்தம் கேட்கும் இவ்வூருக்கு இதனால் ஆவதென்ன? 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக்கூடாதென்று 2016-ம் வருஷச் சட்டத்திருத்தம் சொல்லுகிறது. ஆனால் பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாமென்றும் சொல்லுகிறது. உதவி எங்கே முடிந்து, வேலை எங்கே தொடங்குகிறது? வாசலில் நிற்கும் அதிகாரி அறிவாரா? உள்ளே தார் சுற்றும் பிள்ளையல்லவா அறியும்!

அப்பிள்ளை பேசினால் "உன் தலையெழுத்து" என்று வாயை அடைக்கிறோம். தலையெழுத்தைப் படித்தவரும் இல்லை, எழுதியவனைக் கண்டவரும் இல்லை. கையெழுத்தையோ படிக்கலாம், கேள்வி கேட்கலாம், திருத்தலாம்.

ஆதலால், பெற்றோர்களே! ஒரு நோட்டுப் புத்தகமும் தினம் அரைமணி ஓய்வும் கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். கைபேசியில் படம்பிடித்துச் சொன்னாலும் சரியே. அவர்கள் சொல்வது நமக்கு உறைத்தால் பிள்ளையை அடிக்க வேண்டாம். நம்மைத் திருத்திக்கொள்வோம் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.