சலிக்க வேண்டியது மாவா, ரவையா?

தேக்கா காப்பிக் கடைகளில் தங்க விலையோடு இப்போது பங்கு விலையும் பேசப்படுகிறது. பங்குகளை வடிகட்டித் தரும் மென்பொருளில் எது சிறந்தது என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. ரவை சல்லடையில் மாவைச் சலித்தால் தவிடும் சேர்ந்துதான் விழும். சலிப்பது எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

காலையில் வாங்கி மாலையில் விற்பவருக்கு அன்றைய விலையும் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும் உடனுக்குடன் வேண்டும். ஓய்வுக்காலத்துக்கு லாப ஈவை நம்புபவருக்கு அந்த அவசரமில்லை. பத்தாண்டு ஈவுக் கணக்கும், கடனும், ரொக்க வரவும் தெரிந்தால் போதும். ஒருவருக்குப் பொருந்தும் மென்பொருள் மற்றவருக்கு வீண் செலவு.

அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட மென்பொருளில் இன்னொரு சிக்கல். மூன்று மாத லாப வளர்ச்சி என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். சிங்கப்பூரிலோ 2020 பிப்ரவரி முதல் பெரும்பாலான நிறுவனங்கள் காலாண்டுக் கணக்கு வெளியிடக் கட்டாயமில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பினால் நல்ல நிறுவனங்களும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஜார்டின் மேத்தசன், ஹாங்காங் லேண்ட் போன்றவை இங்கே அமெரிக்க டாலரில் கைமாறுகின்றன. மென்பொருள் நாணயத்தை மாற்றிக் கணக்கிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2013-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். புளூமோன்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்டு என்று மூன்று பங்குகள். விலை வேகமாக ஏறியவை எவை, அதிகம் கைமாறியவை எவை என்று அப்போது சலித்திருந்தால் இவைதான் மேலே வந்து நின்றிருக்கும். அந்த அக்டோபர் தொடக்கத்தில் மூன்றும் சரிந்தன. ஏறத்தாழ 8 பில்லியன் வெள்ளி சந்தை மதிப்பு கரைந்தது. 189 வர்த்தகக் கணக்குகளின் வழியாக விலை செயற்கையாக ஏற்றப்பட்டது என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் இருவருக்கு 36 ஆண்டும் 20 ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தது. மென்பொருள் அன்று தப்பாகக் கணக்கிட்டிருக்காது. விலையும் எண்ணிக்கையும் உண்மையான எண்கள்தாம். அவற்றின் பின்னால் உண்மையான வாங்குபவர்கள்தாம் இல்லை. ஏறும் விலையை மட்டும் துரத்தும் உத்தி இருந்தால், நிறுவனத்தின் சம்பாத்தியத்தோடு விலையை ஒப்பிடும் இன்னொரு கட்டமும் அதில் சேர வேண்டும் என்பது அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

ஈவை நம்புபவர்களுக்கும் பொறி உண்டு. ஈவு விகிதம் என்பது கொடுத்த ஈவை இன்றைய விலையால் வகுத்து வருவது. பிரச்சினையால் விலை விழுந்தால் விகிதம் தானே உயர்ந்துவிடும். 2019 மே மாதம் 78 அமெரிக்க காசுக்குப் பட்டியலிடப்பட்ட ஈகிள் ஹாஸ்பிடாலிட்டி, விலை இறங்க இறங்கக் கவர்ச்சியாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் அதன் வர்த்தகமே நின்றது.

காசு கொடுத்து வாங்குமுன், பங்குச் சந்தையின் இணையத்தளத்திலுள்ள இலவச வடிகட்டியில் உங்கள் நிபந்தனைகளைப் போட்டுப் பார்க்கலாம். விற்பவர் பழைய காலத்து வெற்றிக் கணக்கைக் காட்டினால், சந்தையை விட்டுப் போன நிறுவனங்களும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். பிழைத்தவற்றை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு பெரும்பாலும் லாபத்தை மிகைப்படுத்திக் காட்டும்.