வாடகைக்கு விடப்படும்: யாருக்கு?

(திருமுக்கூடலில் நடந்த மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிப்பேன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு வீட்டு வாடகை பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் வங்கியில் கிளார்க். கடன் வாங்கி வீடு கட்டி, மாடி போர்ஷனை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறவன். "நீயும் மிராசுதார் ஆயிட்டியா?" என்று ஒரு தோழர் கேலி பண்ணினார். அந்தக் கேலியிலேயே விஷயம் இருக்கிறது. நம்மில் முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இப்போது மாடி எழுப்பி 'டு லெட்' போர்டு மாட்டத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை கதவுக்கு வெளியே நின்று பதில் சொன்னவர்கள், உள்ளே நின்று கேள்வி கேட்கிற இடத்துக்கு வந்திருக்கிறோம். என்ன கேட்கப் போகிறோம்?

இந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம் என்பதால் இது திருமுக்கூடல். இங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கையோடு ஓர் ஆதுலசாலை, மருத்துவர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவருகிறவர், பணிப்பெண்கள் என்று எல்லாருக்கும் நெல் அளந்து எழுதியிருக்கிறது. சோழர் பெருமை பேசுகிற மேடைகளில் ஆஸ்பத்திரியைச் சொல்வார்கள். அதே கல்லில் ஒரு மாணவர் விடுதியும் இருக்கிறது. ரிக் வேதம், யஜுர் வேதம், இலக்கணம் படிக்கிறவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க எண்ணெய். வாடகை கிடையாது. செலவுக்கு வயலைக்காவூர் வரி.

அதைப் படித்தபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. படிக்கிற பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அரசுக்குத் தெரிந்திருக்கிறது, எண்ணெய் வரைக்கும். ஆனால் வேதம் யாருக்குச் சொல்லித் தரப்பட்டதோ அவர்களுக்குத்தான் அந்தப் பாய். நெல் விளைந்த சேற்றில் யார் கால் இருந்தது என்பதைக் கல் சொல்லாது.

கல் சொல்லாததை ஒரு வெள்ளைக்கார கலெக்டர் எழுதினார். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அன்றைக்குக் காஞ்சிபுரமும் இந்தச் சுற்றுவட்டாரமும் அந்த ஜில்லாவில்தான். 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்ததற்கு அந்த அறிக்கைதான் முக்கியக் காரணம். நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆனால் அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: குடியிருக்கிற மனை. குடிசை நம்முடையது, அது நிற்கிற தரை மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் 'மனையைக் காலி பண்ணு'. சவுக்கை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, இந்த ஒரு வார்த்தை போதும். குடியிருப்பு மனையை அதில் இருப்பவனுக்கே சொந்தமாக்குகிற சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல்தான். வீட்டு ஓனர் என்றால் நம் கிழவிகளுக்கு ஏன் அடிவயிறு கலங்குகிறது என்பதற்கு இதுதான் சரித்திரம்.

சரி, படித்துவிட்டால்? கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். தடிகளோடு ஒரு கூட்டம் வந்து சாயங்காலத்துக்குள் காலி பண்ணச் சொன்னது. நண்பர்கள் இரண்டு பேரைக் கேட்டார், இரண்டு பேரும் சாக்குச் சொன்னார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்து ரயில் ஏறினார். அவர் 1921-22இல் மாணவராக வாடகைக்கு இருந்த லண்டன் வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. நல்ல காரியம். அதே 2015இல் தோராட்டும் மற்றவர்களும் டெல்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு வெளியானது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சம்பளம், பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் திறக்கவில்லை.

நம்மூரில் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கேள்வி வேற மாதிரி வரும். "எந்த ஊர் தம்பி? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது? கவுச்சி சமைப்பீங்களா?" வேலைக்குச் சேர்ந்த புதுசில் நானும் இந்தப் பரீட்சையை எழுதினவன்தான். சில வீடுகளில் தெருவுக்கு மேலே போகவே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையை வைத்து ஒருவர் எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் எந்த ஓனர் 'நீ எஸ்.சி., அதனால கிடையாது' என்று வாய்விட்டுச் சொல்கிறான்? "சொந்தக்காரங்க வர்றாங்க" என்பான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், பதிவு, முன்பணம் எல்லாம் பேசுகிறது. சாதி கேட்காதே என்று பேசவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். காஞ்சிபுரத்திலும் ஏனாத்தூரிலும் படிக்க உத்திரமேரூர், வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அரசு விடுதி இருக்கிறதே என்பீர்கள். விடுதிகளுக்கு 2025இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். சாதிப் பெயர் போனது நல்லது. 2023இல் கல்லூரி விடுதி மாணவருக்கு மாத உணவுப்படியை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். கிளார்க் புத்தி, வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய், மூணு வேளைக்கு. கல்வெட்டில் இருந்த சனிக்கிழமை எண்ணெயைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இடம் கிடைக்காதவனும், கிடைத்தும் தாங்க முடியாதவனும் ரூம் தேடுகிறான். நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டாயிரம் போட்டால் எட்டாயிரம். அந்தப் போர்ஷனுக்குக் குடும்பம் என்றால் ஆறாயிரம்தான் வரும். லாபம் இருக்கிறது, ஒளிக்க வேண்டியதில்லை. லோன் தவணை மாசம் பிறந்தால் நிற்கும்.

இந்த இடத்தில்தான் சிக்கல். என் மாடியைப் பார்க்க ஒரு அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரூம் பிடித்திருந்தது, வாடகை பிடித்திருந்தது. கீழே ஹாலில் உட்காரச் சொன்னேன். சுவரில் பாபாசாகேப் படம். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் மனைவி கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே இருந்தது. "யோசிச்சுச் சொல்றோம் சார்." அவர் யோசித்து முடிக்கவில்லை. இதே மாதிரி மூன்று பேர். இரண்டு மாதம் மாடி காலியாகக் கிடந்தது, தவணை காலியாகக் கிடக்காது இல்லையா? எங்க சித்தப்பா சொன்னார்: "படத்தை உள் ரூம்ல மாட்டுடா, அவரு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு." சிரிப்பு வந்தாலும் அவர் பயம் நியாயம்தான். படம் ஹாலிலேயே இருக்கிறது. வாடகைக்காகப் பரோடாவில் அவர் வைத்துக்கொண்ட பார்சிப் பெயரை, என் சொந்த வீட்டில் நான் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

இதைவிடக் கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம்ம ஓனர்கள் நம்ம பிள்ளைகளையே கேட்கிறார்கள். "எஸ்.சி.தான், சரி. எஸ்.சி.ல என்ன?" அருந்ததியர் பையன் என்று தெரிந்ததும் பறையர் வீட்டிலேயே 'சொந்தக்காரங்க வர்றாங்க' கதை வருகிறது. இன்னொரு நண்பர், பொதுவுடைமை பேசுகிறவர், "ஊர்ப் பசங்களாப் பார்த்து விட்டா வீட்டுக்கு ஒரு மதிப்பு" என்றார். முஸ்லிம் பையன் வந்தால் போலீஸ் தொல்லை என்பது, வடக்கத்திப் பையன் வந்தால் பாக்குக்கறை என்பது. மனுவின் கேள்வித்தாளை நாம் அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். இதைப் பார்ப்பனியம் என்று அடுத்தவனை நோக்கிச் சொல்வது சுலபம், நம் வாசற்படியில் வைத்துச் சொல்வதுதான் கஷ்டம்.

'அப்போ சும்மா விடணுமா?' என்று கேட்கிறீர்கள். இல்லை. வாடகை வாங்குங்கள். மாணவர்களும் தேதி தவறாமல் கொடுங்கள், 'நம்மாளுதானே' என்று மூன்று மாசம் இழுத்தால் அடுத்த பையனுக்குக் கதவு அடையும். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பது சட்டம், இரண்டு மாதம் வாங்கினாலே போதும். வாங்கின பணத்துக்கு ரசீது. சண்டை வந்தால் தண்ணியை, கரண்டை நிறுத்தாதீர்கள், சட்டப்படியும் கூடாது, மிராசுதார் செய்த வேலை அது. பெண் பிள்ளைகளுக்கு விடுதி மாதிரி நடத்துகிறவர்கள் 2014ஆம் வருஷச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும், அலட்சியம் வேண்டாம். பெண்களுக்கு மட்டும் ஒன்பது மணிப் பூட்டு, வந்துபோகிறவர்களை உளவு பார்ப்பது, இதெல்லாம் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கிற அதிகாரம். அதை அவர்களே பேசட்டும், நான் அவர்கள் சார்பில் பேச வரவில்லை.

நம் ரூம்கள் வந்துவிட்டதால் அரசு விடுதிப் போராட்டத்தை விட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஐம்பது ரூபாய் கணக்கை எங்கே போனாலும் கேளுங்கள். என் மாடியில் நாலு பேர்தான் படுக்க முடியும்.

இப்போது ஒரு நோட்டு சுற்றி வரும். வீடோ ரூமோ வைத்திருக்கிறவர்கள், தெரிந்தவர்களிடம் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டு, இடத்தையும் வாடகையையும் எழுதுங்கள். கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதணும், ஏமாற்று நடக்கிறது அங்கேதான். யாருக்கு விடுவோம் என்று எழுத நோட்டில் கட்டம் போடவில்லை.