பந்திக்கு ஆள் வைத்தோம், உயிருக்கு?

(கொட்டிவாக்கத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



நமது கிழக்குக் கடற்கரைச் சாலை மண்டபம் ஒன்றில் நடந்த நிக்காஹ் அது. துஆ முடிந்து முதல் பந்தி உட்காரும் நேரம். மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியிலேயே சரிந்து விட்டார். ஐம்பது பேர் சூழ்ந்து கொண்டோம். ஒருவர் வாயில் சோடாவை ஊற்றினார். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். விருந்தாளியாக வந்திருந்த டாக்டர் ஸலாம் சொல்லிவிட்டு முன்னரே போய்விட்டார். கார் இருந்தது. ஆனால் அதை மறித்து நான்கு கார்கள்! அவற்றின் சொந்தக்காரர்களோ பந்தியில்! வண்டி நகர இருபது நிமிடம் ஆனது.

காரணம் என்ன தெரியுமா? காலையில் இன்சுலின் போட்டவருக்கு மதியம் இரண்டரை மணி வரை சாப்பாடு இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. இறைவன் அருளால் பிழைத்தார். நினைவு இருக்கும்போதே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தால் போதும். நினைவு தப்பிய பின் ஊற்றிய சோடா மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால்? சிந்தித்துப் பாருங்கள்!

அதுவே மாரடைப்பாகி இதயம் நின்றிருந்தால் இருபது நிமிடம் ஏது? நான்கைந்து நிமிடத்திலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். தமிழகத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நமது சமுதாய அமைப்புகளும் ஆம்புலன்ஸ் ஓட்டுகின்றன. ஆனால் முகூர்த்த நாளில், இந்தச் சாலை நெரிசலில், எந்த வண்டியும் நான்கு நிமிடத்தில் வந்துவிடுமா? அதுவரை மண்டபத்தில் இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணமகனும் அவர்களில் ஒருவர். மண்டபம் பார்க்கப் போகும் நாம் மேடையைப் பார்க்கிறோம், ஏ.சி.யைப் பார்க்கிறோம். வெளியேறும் வழியைப் பார்க்கிறோமா?

வணிகப் பெருமக்களே! வீடியோவுக்கும் சீரியல் விளக்குக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரு நர்ஸையும் சேருங்கள். அவர் விருந்தாளியாக அல்ல, வேலையாக வரட்டும். கடைசிப் பந்தி முடியும் வரை இருக்கட்டும். அவரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் கருவிகளும் முதலுதவிப் பெட்டியும் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயோதிகர்களுக்கும் நேரத்தோடு முதலில் பரிமாறுங்கள். இதற்குச் செலவே இல்லை.

இளைஞர்களே! வாசலில் இருவர் நின்று ஒரு வண்டி போகும் வழியைக் காலியாக வைத்திருங்கள். முதலுதவி கற்றுக் கொள்ளுங்கள். விழுந்தவருக்குப் பேச்சில்லை, சரியான மூச்சில்லை என்றால் 108க்குச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள். சமையல்கூடத்தில் கை வெந்தால் பற்பசை வேண்டாம், மை வேண்டாம். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிக்காஹ் தேதி கேட்டு வருபவரிடம் வலி யார், சாட்சிகள் யார் என்று கேட்கிறீர்கள். மருத்துவ உதவிக்கு யார் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.

பிரியாணி குறைந்தால் ஒரு நாள் பேசுவார்கள். ஓர் உயிர் போனால், அந்தப் பிள்ளைகள் தங்கள் கல்யாண நாளை ஆயுள் முழுக்க எப்படி நினைப்பார்கள்?