இரு நோக்கம் குற்றமன்று, மறைப்பதே குற்றம்

(வடபகுதிக் கிராமமொன்றில் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எம்மை இங்கு அழைத்தவர்கள் அரசியல் பேசும்படி கேட்கவில்லை. பிள்ளைகளைக் கனடாவுக்குப் படிக்க அனுப்புவது பற்றி அந்நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள் என்றே கேட்டனர். கோயில் வீதியிலும் சந்தையிலும் இன்று இப்பேச்சே நடைபெறுவதால், அவ்வேண்டுகோளை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டோம்.

கடல் கடந்து செல்வது எமக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்தில் எம் முன்னோர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினர். 1970-களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது பலர் இலண்டனுக்குப் படிக்கச் சென்றனர். 1983-க்குப் பின்னர் பல்லாயிரவர் உயிரைக் காக்கவே சென்றனர். ஆகவே இன்று கனடாவுக்கு விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளைக்கு அங்கே கணவனோ, தமையனோ, அத்தையோ இருப்பது வியப்பன்று. வியப்பு என்னவெனில், பெருமையாகச் சொல்ல வேண்டிய அவ்வுறவை ஒளித்து வைக்கும்படி எம்மவர்க்குப் போதிக்கப்படுவதேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கமக்காரர் தம் மகளுடன் எம்மிடம் வந்தார். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டக் காணியே அவருடைய சொத்து. மகள் பட்டதாரி. ரொறன்ரோவில் வாழும் கனடியக் குடியுரிமையாளர் ஒருவரை ஊரிலே மணம் முடித்திருந்தார். கணவர் அவரை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தை ஏற்கனவே அனுப்பிவிட்டார். காத்திருக்கும் காலம் வீணாகாமல் அங்கே முதுகலை படிக்கலாம் என்பது பிள்ளையின் விருப்பம். இதிலே தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு முகவர், "திருமணத்தைச் சொன்னால் மாணவ விசா கிடையாது, மணமாகாதவர் என்று எழுதுங்கள்" எனப் புத்தி சொல்லியிருந்தார். படிவம் அவ்வாறே நிரப்பப்பட்டு, கையொப்பம் மாத்திரமே மிகுதியாயிருந்தது. காணியும் ஈட்டுக்குப் போகும் நிலையில் இருந்தது.

அன்று அவர்களுக்கு எதைச் சொன்னோமோ அதையே இன்று உங்களுக்கும் சொல்லுகின்றோம்.

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டு 2002-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு தெளிவாக ஒன்றைக் கூறுகின்றது. ஒருவர் பின்னாளில் நிரந்தர வதிவாளராக விரும்புகிறார் என்ற ஒரே காரணம், அவர் இப்போது தற்காலிகமாக அங்கு செல்வதற்குத் தடையாகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அனுமதித்த காலம் முடியும்போது அவர் நாட்டை விட்டு வெளியேறுவார் என்று உத்தியோகத்தர் திருப்தியடைதல் வேண்டும். இதனையே இரட்டை நோக்கம் என்பர். குடியேறும் விருப்பமும் கல்வி விருப்பமும் ஒருவரின் உள்ளத்தில் ஒருங்கே இருக்கலாம். சட்டம் அதை ஏற்கின்றது. சட்டம் கேட்பதெல்லாம், "நிரந்தர விண்ணப்பம் தோற்றுப்போனால் சட்டப்படி திரும்புவாயா?" என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடையையேயாம்.

மறைத்தால் என்ன நேரும்? கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையாகவே விடையளிக்க வேண்டும் என்பது 16-ஆம் பிரிவு. முக்கியமான உண்மையைத் திரித்தோ மறைத்தோ கூறினால் ஐந்து ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தகுதியில்லை என்பது 40-ஆம் பிரிவு. அவ்வைந்து ஆண்டுகளும் நிரந்தர வதிவுக்கும் விண்ணப்பிக்க முடியாது. சிந்தித்துப் பாருங்கள்! கணவர் அனுப்பிய விண்ணப்பத்தில் விவாகப் பதிவுப் பத்திரம் இருக்கின்றது. மனைவி அனுப்பும் விண்ணப்பத்தில் மணமாகாதவர் என்றிருக்கின்றது. இரண்டும் செல்வது ஒரே திணைக்களத்துக்கு. மாணவ விசாவும் போய், மனைவியாகச் செல்லும் நேர்வழியும் ஐந்து ஆண்டுகளுக்கு அடைபட்டுவிடும்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றோரும் கேட்கவேண்டிய விதி ஒன்றுண்டு. படிக்கச் சென்ற இளைஞர், பின்னர் நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ஊரிலுள்ள மனைவியையோ பிள்ளையையோ காட்டாது விட்டால், அவர்களைக் குடும்ப வகுப்பில் அழைக்கும் உரிமையை இழக்க நேரிடும். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117-ஆம் விதி இதனைக் கூறும். 2019-இல் பரீட்சார்த்தமாகச் சில தளர்வுகள் வந்தன என்பது உண்மையே. ஆயினும், தளர்வை நம்பித் தாலி கட்டியவளை மறைப்பது அறிவுடைமையாகாது.

மற்றொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்துவோம். "தமையன் அங்கே இருக்கிறான், தம்பி படிக்கப் போனால் பிறகு அவன் கூப்பிட்டுக்கொள்வான்" என்கின்றனர். வளர்ந்த சகோதரரைக் குடும்ப வகுப்பில் அழைக்கக் கனடியச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. மிக அரிய விலக்குகளே உண்டு. தம்பி தன் கல்வியாலும் தொழில் அனுபவத்தாலும் மொழித்திறனாலும் புள்ளி பெற்றே நிரந்தர வதிவை அடையவேண்டும்.

கனடாவுக்குரிய விதியை வேறு நாட்டுக்குப் பொருத்துவதும் பிழை. அமெரிக்கச் சட்டத்தின் 214-ஆம் பிரிவு, மாணவ விசாக் கேட்பவரையும் குடியேற வருபவர் என்றே முதலில் அனுமானிக்கும். அல்லவென்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரியுடையது. குடியுரிமை பெற்ற சகோதரரை அழைக்க அங்கே வழியுண்டெனினும் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருத்தல் வேண்டும். அவ்வாறு எவராவது மனுச் செய்துள்ளனரா என்று மாணவ விசாப் படிவமே கேட்கும். அங்கு பொய்யுரைத்தால் தடை ஐந்து ஆண்டுகளோடு முடிவதன்று; ஆயுட்காலத் தடையாகும். பிரித்தானியாவிலோ, 2024 சனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆராய்ச்சிப் பட்டம் பயில்வோரும் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றோருமே குடும்பத்தை உடனழைத்துச் செல்லலாம்.

இனிப் பணத்துக்கு வருவோம். கமக்காரரின் நெஞ்சு துடிப்பது இங்கேதான். 2025 செப்டெம்பர் 1 முதல் கனடாவுக்குத் தனியே செல்லும் மாணவர், படிப்புக் கட்டணமும் பிரயாணச் செலவும் நீங்கலாக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 22,895 கனடிய டொலர் காட்டவேண்டும். மருமகனும் கூடப்போய் உழைத்துக் கடனைத் தீர்ப்பார் என்று கணக்குப் போடுவோர் 2025 சனவரி மாதத்து மாற்றத்தையும் அறிதல் வேண்டும். கலாநிதிப் பட்டம், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலை, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றைப் பயில்வோரின் வாழ்க்கைத்துணைக்கே பொதுவாகத் திறந்த வேலை அனுமதி கிடைக்கும். ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புக்குக் காணியை விற்பவர் இதனைக் கேட்டபின் விற்கட்டும்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு, வேதனையும் உண்டு. உத்தியோகத்தர் பார்க்க விரும்புவது இம்மண்ணில் எமக்குள்ள வேர்களை. காணி உறுதி, பெற்றோர், திரும்பி வந்து பார்க்கக்கூடிய தொழில் ஆகியனவே அவ்வேர்கள். நாமோ அவ்வேரை அறுத்து விற்ற காசைக் கொண்டுபோய் வங்கியிலிட்டு, "எமக்கு ஊரிலே வேருண்டு" என்று எழுதுகின்றோம்! நேற்று வந்து விழுந்த பெருந்தொகைக்கு வரலாறு கேட்கப்படும் என்பதையும் மறந்துவிடுகின்றோம்.

அந்தப் பிள்ளையின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பழைய படிவத்தைக் கிழித்தெறிந்தோம். புதியதில் திருமணமும் எழுதப்பட்டது; கணவரின் விண்ணப்பமும் எழுதப்பட்டது. இப்படிப்பு ஏன், அது எந்தத் தொழிலுக்கு உதவும், அழைப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வேன் என்பவற்றை விளக்கி அவரே தம் சொற்களில் கடிதம் எழுதினார். காணி ஈட்டுக்குப் போகவில்லை; கணவரே செலவை ஏற்றார்.

மாணவ விசா கிடைக்கவில்லை. "வெளியேறுவார் என்று திருப்தியில்லை" என்பதே பதில். தந்தையார் எம்மை நோக்கிய பார்வையை நாம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்நிராகரிப்பில் பொய்யுரைத்தார் என்ற சொல் இல்லை. ஆகையால் கணவரின் விண்ணப்பம் பழுதின்றி நடந்தது. காலந்தாழ்த்தியேனும் மனைவி என்ற உரிமையுடன், தலை நிமிர்ந்து அவர் சென்றார். உண்மை சொன்னதால் அவர் இழந்தது விண்ணப்பக் கட்டணம் ஒன்றே.

நிராகரிப்பு நியாயமற்றதெனில் அதற்கும் வழியுண்டு. கனடாவுக்கு வெளியே செய்யப்பட்ட தீர்ப்பை எதிர்த்து 60 நாட்களுக்குள் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி கோரலாம். நீதிமன்றம் விசா வழங்காது. தீர்ப்பு நியாயமற்றதெனக் கண்டால் பொதுவாக வேறோர் உத்தியோகத்தரிடம் மறுபரிசீலனைக்கு அனுப்பும். பொய் எழுதியவனோ அந்த வாசலில் வெறுங்கையுடன் நிற்பான்.

முடிவாகச் சில வார்த்தைகள். கூலி வாங்கிக்கொண்டு கனடியக் குடிவரவு விஷயத்தில் பிறருக்காக நடப்பவர் அந்நாட்டில் அனுமதி பெற்ற சட்டத்தரணியாகவோ பதிவு பெற்ற ஆலோசகராகவோ இருத்தல் வேண்டும் என்பது 91-ஆம் பிரிவு. "என் பெயரைப் படிவத்தில் எழுதவேண்டாம்" என்று ஒரு முகவர் சொன்னால், அந்தப் படலையை விட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். வாசித்து விளங்காத கடதாசியில் கையொப்பமிடாதீர்கள். அனுப்பியதன் பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.

இங்கே ஆசிரியர்கள் இருக்கின்றீர்கள். சட்டம் கற்றோரும் இருக்கின்றீர்கள். வாரத்தில் ஒரு மாலை இவ்வாசிகசாலையில் அமர்ந்து, கூலி எதுவும் பெறாமல், வருவோருக்குப் படிவத்தைத் தமிழிலே வாசித்து விளக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். எம்முடன் இன்னும் இருவர் சேருங்கள். காணி உறுதியைப் பத்து முறை வாசித்துக் கையொப்பமிடும் சமூகம், பிள்ளையின் வாழ்வை எழுதும் கடதாசியை ஒரு முறையாவது வாசிக்கட்டும்.