உதவியாளர் என்ற இடத்தில் யார் பெயர்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பழைய காலேஜ் கதை ஏதாவது பேசுங்க" என்றுதான் செயலாளர் சொன்னார். விடுதிச் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்னால் மூன்று பேர் பேசிவிட்டார்கள். நான் என் மதினியைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி. அண்ணன் ராணுவத்தில் இருந்தார். 1987-ல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனார். மறு வருஷம் யாழ்ப்பாணத்துப் பக்கம் கண்ணிவெடி. முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. விடுதிக்குத் தந்தி வந்த நாள் இங்கே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்காவது ஞாபகம் இருக்கும். புனே பக்கம் கிர்க்கி ராணுவ மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து மதினிக்கு முழுத் தூக்கம் கிடையாது. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். மூத்திரக் குழாய், மலம், குளிப்பாட்டல் எல்லாம் அவர்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்தார்; அதை மூடினார். எழுபது கிலோ ஆளைத் தூக்கித் தூக்கி இன்று அவர் இடுப்பே போய்விட்டது.

ஊனமுற்றோர் பென்ஷன் வந்தது. அதற்கு மேல் 'கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு 1997 வரை தெரியாது. கூடவே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்வதற்கான படி. டீக்கடையில் ஒரு ஓய்வு பெற்ற சுபேதார் சொல்லித்தான் தெரிந்தது. பட்டம் வாங்கிய எனக்கே தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

ஊனம் 100 விழுக்காடாக இருக்க வேண்டும். அது பணியால் வந்ததாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இடைவிடாத துணை தேவை என்று ராணுவ மருத்துவ வாரியம் எழுத வேண்டும். அதற்காக அண்ணனை வேனில் படுக்க வைத்து, ஐந்நூறு கிலோமீட்டர் சென்னைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் புரட்டிவிட்டோம். பிறகு ஒரு அலுவலகத்தில் காகிதத்தை நீட்டினால், அங்கிருந்தவர் கேட்டார்:

"உதவியாளர் யாரு? பேரு சொல்லுங்க."

"நான்தான் சார்" என்றார் மதினி.

"நீங்க சம்சாரம்மா. உதவியாளர் யாருன்னு கேக்குறேன்."

அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் வந்திருக்கிறோம் என்று மோர்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

படி கிடைத்தது. அப்போது மாதம் 600 ரூபாய். ஆறாவது ஊதியக்குழு அதை 3,000 ஆக்கியது, பிறகு 4,500, 2017 ஜூலை முதல் 6,750. அகவிலைப்படி 50 விழுக்காடு ஏறும்போதெல்லாம் இதுவும் 25 விழுக்காடு கூடும் என்று விதி செய்தார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அந்த 6,750-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 225 ரூபாய்தான் வந்தது, ராத்திரிக்கும் சேர்த்து. ஆனால் அது அண்ணன் பெயரில், அவர் பென்ஷனோடு வருகிறது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அன்றோடு நின்றுவிடும். பிறகு மதினிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. அது மனைவி என்பதற்காக. இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கு எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை.

அமெரிக்காவில் 2010-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். காயம்பட்ட வீரரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மாதப் பணம் அவர் கைக்கே வரும். பயிற்சி உண்டு, வேறு வழியில்லாவிட்டால் மருத்துவக் காப்பீடும் உண்டு. வருஷத்தில் குறைந்தது 30 நாளாவது ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடும் செய்கிறார்கள். அங்கேயும் வியட்நாம் போரில் அடிபட்டவர்களின் குடும்பங்கள் 2020 வரை காத்திருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2010-லேயே 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ராணுவத்தார் என்று இல்லை, வருமானம் குறைந்த வீடுகளில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதாமாதம் பணம். சின்னத் தொகைதான். ஆனால் பார்த்துக்கொள்பவருக்கு!

பணத்தில் அளக்காத உழைப்பையும் பொருளாதாரத்தில் சேர்க்கச் சொன்ன ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வந்து தங்கியது எங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். மதினி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்களிலும் ராணுவத்துக்குப் போய் அடிபட்டுத் திரும்பியவர்கள் இருப்பார்கள். லீவில் போகும்போது அந்த வீட்டுப் படியேறி, பென்ஷன் உத்தரவைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். ஊனம் 100 என்று இருந்து இந்தப் படி மட்டும் இல்லாவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எங்களைப் போல ஒன்பது வருஷம் தெரியாமல் இருக்க வேண்டாம்.

குரூப் போட்டோவுக்கு நான் நிற்கப் போவதில்லை, மன்னிக்கணும். மதினி இன்றைக்கு அவர் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போயிருக்கிறார். போய் ஆறு வருஷம் ஆச்சாம். நாலு மணிக்கு அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியது நான். ராஜபாளையம் பஸ் இப்போது கிளம்பிவிடும்.