பிள்ளையின் பையில் உள்ள புத்தகம்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பள்ளி திறந்து புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வந்த பிறகு இப்படிக் குடும்பத்தோடு கூடிப் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். முதலில் நம் வீட்டுச் சேதிகளைப் பகிர்ந்து கொள்வோம். ஸ்ரீராமபுரத்தில் நம் தோழர் ஒருவரின் மூத்த மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறி பி.யு.சி.யில் சேர்ந்திருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். கட்டட வேலை செய்யும் தருமபுரிக் குடும்பம் ஒன்று, வேலை இடம் மாறியதால், மகனை இரண்டாம் முறையாகப் பள்ளி மாற்றியிருக்கிறது. பையன் அழுதுகொண்டே போனான்; இப்போது பழகிவிட்டான். பின்னி மில்லில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்து இரவு வீடு திரும்பும் நம் தோழர்கள், பிள்ளைகளை விழித்திருக்கும்போது பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான் என்கிறார்கள். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு எத்தனையோ வீடுகளின் கதை இது.

இந்தச் சேதிகள் எல்லாவற்றிலும் பள்ளிக்கூடம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். வாடகை, அரிசி, மருந்து இவற்றுக்கு அடுத்தபடியாக நாம் கவலைப்படுவது பிள்ளைகளின் படிப்புக்காகத்தான். அந்தப் படிப்பைச் சுமந்து வரும் புத்தகத்தைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

நம் தாய்மார்கள் கூடும் இடங்களில் அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது. "பாடப்புத்தகத்தில் என்னமோ எழுதியிருக்கிறது என்று டி.வி.யில் சண்டை போடுகிறார்களே, அந்தப் புத்தகம் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் படிக்க எங்களால் முடியவில்லையே, என்ன செய்வது?" என்பதே அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2017-18 முதல் படிப்படியாக, எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம். ஆகவே நம் பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள். படிக்கவும் வேண்டும். நாமோ வேலைக்காக வந்தவர்கள். நமக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்க இங்கே எவரும் காத்திருக்கவில்லை.

அந்தச் சண்டை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். பரகூர் ராமச்சந்திரப்பா தலைமையிலான குழு உருவாக்கிய பாடப்புத்தகங்களை, பின்னர் பாரதிய ஜனதா அரசு அமைத்த ரோஹித் சக்ரதீர்த்த தலைமையிலான குழு திருத்தியது. 2022ஆம் ஆண்டு மே மாதம் அந்தத் திருத்தங்கள் வெளியே தெரிந்தன. பத்தாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தில் ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாரின் உரை ஒன்று பாடமாகச் சேர்ந்திருந்தது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் சமூகச் சீர்திருத்த இயக்கங்கள் பற்றிய பாடத்தில் இருந்த பெரியார், நாராயண குரு பகுதிகள் நீங்கியிருந்தன. நாராயண குரு வேறு புத்தகத்தில் இருக்கிறார் என்று அரசு பதில் சொன்னது. பசவண்ணரைப் பற்றிய பாடத்தை மடாதிபதிகள் ஆட்சேபித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பி என்று சொல்லும் சொற்கள் விடுபட்டதற்கும் எதிர்ப்பு எழுந்தது. எழுத்தாளர் தேவனூரு மகாதேவ, தம் எழுத்தைப் பாடமாக வைக்கத் தாம் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார். வேறு சில எழுத்தாளர்களும் அவ்வாறே செய்தார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் அன்றைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மை அந்தக் குழுவைக் கலைப்பதாக அறிவித்தார்.

அதோடு முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் எட்டாம் வகுப்புக் கன்னடப் பாடம் ஒன்று பேச்சாயிற்று. அந்தமான் சிறையில் சாவித் துவாரம்கூட இல்லாத அறையில் இருந்த சாவர்க்கர், அங்கே வந்த புல்புல் பறவைகளின் சிறகில் அமர்ந்து தாய்நாட்டைப் பார்த்துத் திரும்புவார் என்று அதில் எழுதியிருந்தது. அது உருவகம் என்றார்கள் ஒரு சாரார். உருவகம் என்றால் பாடத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமா என்றார்கள் மறு சாரார். பிறகு ஆட்சி மாறியது. 2023 ஜூன் 15ஆம் நாள் சித்தராமையாவின் அமைச்சரவை ஹெட்கேவார், சாவர்க்கர் பாடங்களை நீக்கவும், சாவித்திரிபாய் புலே முதலியோர் பற்றிய பாடங்களைச் சேர்க்கவும் முடிவு செய்தது. அதற்குள் புத்தகங்கள் அச்சாகிவிட்டபடியால், எதை நடத்துவது, எதை விடுவது என்று ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. பிள்ளையின் பையில் இருக்கும் அதே புத்தகத்தில், போன மாதம் பாடமாக இருந்தது இந்த மாதம் பாடமில்லை என்று ஆயிற்று.

கர்நாடகத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 2011இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் அச்சிட்டுத் தயாராக இருந்தும் பிள்ளைகள் கைக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அவை வகுப்புக்கு வந்தன. வந்த புத்தகங்களிலும் சில பகுதிகளின் மேல் தாள் ஒட்டியிருந்தது. ஒட்டிய தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்காத பிள்ளை உண்டா?

நம்மில் பலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது அவர்கள் மாநிலம், அவர்கள் புத்தகம், நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குகிறார்கள். இந்த ஒதுங்கலுக்குக் காரணம் நமக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரியை வைத்து இந்த நகரத்தில் நடந்ததைக் கண்ட குடும்பங்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று பிள்ளையின் வாயைப் பொத்திய தாய்மார்கள் இருக்கிறார்கள். 2016 செப்டம்பரிலும் அந்தப் பயம் திரும்பி வந்தது. அப்படிப்பட்டவர்களைப் பார்த்து, தைரியமில்லாதவர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2022இல் இந்தப் புத்தகங்களைத் தட்டிக் கேட்டவர்கள் கன்னட எழுத்தாளர்கள், கன்னட ஆசிரியர்கள், கன்னடத் தாய் தகப்பன்மார். பெரியாரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டவர்களும் அவர்கள்தான். 1879இல் ஈரோட்டில் பிறந்த பெரியாரின் வீட்டு மொழி கன்னடம். அவர் வாழ்நாளெல்லாம் தமிழில் பேசினார், எழுதினார். இதற்கு எதிர்ப்பக்கமாக, கோலார் மாவட்டத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். அவர் கன்னடச் சிறுகதையை வளர்த்தவர். 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றவர். இந்த இருவரில் யார் நம்மவர், யார் அவர்களவர் என்று எப்படிப் பிரிப்பது? இந்த மண்ணில் நாம் உழைக்கிறோம், வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறோம், நம் பிள்ளைகள் இங்கே பரீட்சை எழுதுகிறார்கள். அந்தப் புத்தகம் நம்முடையதும்தான்.

சரி, கேட்பது என்றால் எதைக் கேட்பது? இங்கேதான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போன மக்களைத் தொட்ட இரண்டு வழக்குகளைச் சொல்கிறோம்.

முதலாவது மலேசியாவில் நடந்தது. அப்துல்லா ஹுசைன் எழுதி 1971இல் வெளிவந்த 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலை, 2011இல் சிலாங்கூர், கோலாலம்பூர் முதலிய இடங்களில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார்கள். மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை அது. கப்பலேறி வந்த இந்தியத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய இடத்தில், மலாய் மொழியில் வசைச் சொல்லாகிவிட்ட ஒரு சாதிப் பெயர் வந்தது. வகுப்பில் அந்தச் சொல்லைச் சத்தமாக வாசிக்கும்போது நம் பிள்ளையை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அங்குள்ள தமிழ்ப் பெற்றோர் கொதித்தார்கள். மனுக் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், சிலர் கைதானார்கள். அரசு குழு அமைத்து, திருத்தம் பேசி, ஆண்டு முடிவதற்குள் புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. கூலி வேலைக்குக் கப்பலேறியதில் வெட்கம் எதுவுமில்லை. அந்த உழைப்பைச் சாதி வசையால் சுட்டிப் பிள்ளையைக் கூனிக்குறுக வைப்பதைத்தான் அந்தப் பெற்றோர் எதிர்த்தார்கள். அவர்கள் வருத்தம் நமக்குப் புரிகிறது.

இரண்டாவது நம் நாட்டிலேயே நடந்தது. சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய போராட்டத்தை அது சொன்னது. 1822இல் அந்தப் பெண்கள் தாக்கப்பட்டதையும், 1859இல் மேல்சாதிப் பெண்களைப் போல அல்லாமல் உடுத்தலாம் என்று அரைகுறையாக ஆணை வந்ததையும் சொன்னது. ஆனால் நாடார் மக்கள் நாயர் நிலக்கிழார்களிடம் வேலை செய்வதற்காகத் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். இது பொய், இழிவு என்று 2012இல் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வரிகளைத் திருத்தியிருக்கலாம். நடந்தது வேறு. 2016இல் அந்தப் பகுதி முழுவதையும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. 2019இல் பாடமே புத்தகத்திலிருந்து போயிற்று. தவறான வரியோடு சேர்ந்து, அந்தப் பெண்கள் பட்ட அடியும் வென்ற வெற்றியும் நாட்டிலுள்ள பிள்ளைகளின் கண்ணிலிருந்து மறைந்தன. யாருடைய கௌரவத்துக்காக எதிர்ப்புக் கிளம்பியதோ, அவர்களுடைய பாட்டிமார்களின் போராட்டமே காணாமற் போயிற்று.

தோழர்களே, இந்த இரண்டாவது வழக்கை நாம் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். "நீக்கு" என்று சொல்வது அதிகாரிக்கு மிகவும் வசதியான கோரிக்கை. ஒரு கையெழுத்தில் வேலை முடிந்துவிடும். "சரிசெய்து எழுது, விட்டதைச் சேர்" என்று கேட்டால்தான் அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இன்று நமக்குப் பிடிக்காததை நீக்கும் அதே கை, நாளை நமக்கு வேண்டியதை நீக்கும். கர்நாடகத்தில் இரண்டு ஆண்டுகளில் கண்டோமே.

ஆகவே பிள்ளையின் புத்தகத்தை எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இதில் சொல்லியிருப்பது உண்மையா? இதில் விடுபட்டவர் யார்? இதைப் படிக்கும் பிள்ளையோ, பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பிள்ளையோ தலைகுனிய வேண்டி வருமா? இந்தப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவன் முஸ்லிமாக இருக்கலாம், தலித்தாக இருக்கலாம், ராய்ச்சூரிலிருந்து வந்த கன்னடக் கூலியின் மகனாக இருக்கலாம். நமக்கு வலித்தால் மட்டும் பேசுவது நியாயமாகாது.

பறவைச் சிறகில் மனிதர் பறந்த கதையைப் படித்துவிட்டு, "அது எப்படி முடியும்?" என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். கதையில் எப்படி எழுதுவார்கள், வரலாற்றில் எப்படி எழுத வேண்டும் என்று பேசுங்கள். புத்தகத்தில் இல்லாததை நீங்கள் சொல்லுங்கள். பெரியார் யார், வைக்கத்தில் 1924இல் என்ன நடந்தது, மில்லில் எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், எந்தக் குழுவாலும் அதைக் கிழித்தெடுக்க முடியாது.

அடுத்தது, எழுத்து. கன்னட எழுத்தைக் கற்பது நமக்கு மலையைப் பெயர்க்கும் வேலையல்ல. பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்தவைதான். நம் பகரம் பல சொற்களில் அங்கே ஹகரம் ஆகும். பால் ஹாலு ஆகும், புலி ஹுலி ஆகும், பல் ஹல்லு ஆகும். பஸ் பலகையை வடிவம் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிற நமக்கு, எழுத்தைக் கூட்டி வாசிக்க நேரமும் ஆளும்தான் வேண்டும். ஆள் வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளையை வாத்தியாராக உட்கார வைத்து, நாம் ஸ்லேட்டு பிடிப்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். அப்போது பாடமும் நம் காதில் விழும். தமிழ் எழுத்தை மறக்காதபடி அவர்களுக்கு நாம் கற்றுக் கொடுப்போம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது, பள்ளிக் கமிட்டி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். இங்கே அதற்கு எஸ்.டி.எம்.சி. என்று பெயர். அதில் நம் தாய்மார்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கமிட்டியால் பாடத்தை மாற்ற முடியாதுதான். ஆனால் புத்தகம் நேரத்துக்கு வந்ததா, எந்தப் பாடம் நடத்துகிறார்கள், ஏன் ஒன்றை விட்டார்கள் என்று கேட்கலாம். பத்துப் பள்ளிகளில் பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால், அந்தக் கடிதம் மேலே போகும். தனியாகப் போய்க் கேட்டால் "நீ எந்த ஊர்?" என்பார்கள். கன்னடத் தாய்மாரோடு சேர்ந்து போய்க் கேட்டால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பகுதியிலும் ஞாயிறு வாசிப்புக்கு ஒரு வீட்டை முடிவு செய்துவிட்டுப் போவோம். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் முதலில் வாருங்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு வரட்டும்.